இரண்டு நாள் சம்பளம்

சனையா பத்தில்
டயர்க் கடைக்கும் பெஷாவர் ரொட்டிக் கடைக்கும் நடுவே
ஏசி ஒழுகும் டைப்பிங் சென்டர்.
பதினோரு வருஷமாக இங்கே
மற்றவர்களின் பெயர்களைத் தட்டுகிறேன்:
தகப்பன் பெயர், பிறந்த ஊர்,
வலது புருவத்தில் ஒரு மச்சம்.

நேற்று பால்வண்ணன் வந்தான்,
பாஸ்போர்ட் புதுப்பிக்க, மூன்றாம் தடவை.
‘காவல்துறை அறிக்கை பாதகமாக உள்ளது’
என்ற தாளைக் கண்ணாடி மேசையில் வைத்து
உள்ளங்கையால் நீவினான்,
நீவினால் எழுத்து மாறிவிடும் என்பதுபோல.

அந்த வழக்கு எனக்குத் தெரியும்.
மேலப்பட்டி விலக்கு. 17-சி பேருந்து.
இடப்பக்கக் கண்ணாடி ஒரு கட்சி,
வலப்பக்கக் கண்ணாடி இன்னொரு கட்சி.
சீட்டில் பிடித்த தீ யாருடையதென்று
தீக்கே தெரியாது.
ஒரே முதல் தகவல் அறிக்கை, ஒரே பிரிவுகள்.
வரிசை எண் நான்கு பால்வண்ணன்,
வரிசை எண் ஐந்து தவசிலிங்கம்.

அப்புறம் தேர்தல் வந்தது.
தவசியின் ஆட்கள் கோட்டைக்குப் போனார்கள்.
ஐந்திலிருந்து ஒன்பது வரை
‘பொதுநலன் கருதி’ வாபஸ்.
நான்கு மட்டும்
வாய்தாவுக்கு வாய்தா நடந்து தேய்ந்தது.

இப்போது இருவரும் ஒரே கேம்ப், ஒரே அறை.
மேல் கட்டில் தவசி.
கீழ்க் கட்டில் பால்வண்ணன்.

போன தேர்தல் முடிவு வந்த ராத்திரி
யார் சிரித்தார்கள், யார் எதைச் சொன்னார்கள்,
குக்கர் மூடி பறந்தது.
ட்யூப்லைட் போனது.
நேபாளிப் பையனின் சோற்றுப் பானை
கவிழ்ந்து உருண்டது வராந்தா வரை.
கேம்ப் பாஸ் குல் ஜமான் வந்தார், உறக்கக் கண்ணோடு.
அவன் அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி என்று
இருவரும் உடைந்த இந்தியில் முறையிட்டார்கள்.
அவர் இரண்டு முகத்தையும் பார்த்தார்.
ஒரு வித்தியாசமும் தெரியவில்லை அவருக்கு.
ஆளுக்கு இரண்டு நாள் சம்பளம் வெட்டு,
போய்ப் படுங்கள் என்றார்.

இதைப் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்:
கொடி நிறம் தெரியாத ஒரு பட்டாணியர்
கொடுத்ததுதானப்பா சமநீதி என்று.

பிறகொரு நாள் கணக்குப் போட்டேன்.
தவசி ஃபோர்மேன். இரண்டு நாள், இருநூற்று நாற்பது திர்ஹம்.
பால்வண்ணன் ஹெல்ப்பர். எண்பது.
தவசிக்கு அது ஒரு வெள்ளிக்கிழமைச் செலவு.
பால்வண்ணனுக்கு, தங்கை ஃபீஸில் விழுந்த ஓட்டை.
டிரைவர் வேலை வாய்த்தபோது
இவன் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம்கூட மீதியில்லை,
அதனால்தான் ஹெல்ப்பர்.
நேபாளிப் பையன் பானைக்கு
யாரும் ஒன்றும் தரவில்லை.
கை வெந்த 17-சி ஓட்டுநரும்
எந்த அரசாணையிலும் இல்லை.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன்.
அன்று விலக்கில் நானும் நின்றேன்.
என் கையிலும் ஜல்லிக்கல்.
வேட்டியின் கரை எந்த நிறம் என்று கேட்காதீர்கள்,
அது இதில் சேர்த்தியில்லை.
ஸ்டேஷன் ரைட்டர் என் மச்சானோடு படித்தவர்.
நான்காம் எண்ணில் முதலில் இருந்தது என் பெயர்.
தாளை உருவிக் கிழித்து, புதுக் கார்பன் வைத்து,
‘இன்னொரு பேர் சொல்லுங்கய்யா’ என்று
அவர் கேட்டது ஜன்னல் வழி கேட்டது.

மனுவைத் தட்டி முடித்தேன்.
‘தயாரித்தவர்’ என்ற கட்டத்தை
எப்போதும்போல் காலியாக விட்டேன்.
எவ்வளவுண்ணே என்றான்.
வேண்டாம்டா என்றேன்.
‘சும்மா வாங்குனா காரியம் வெளங்காதுண்ணே’ என்று
பதினைந்து திர்ஹத்தை ஸ்டேப்ளருக்கு அடியில் செருகிவிட்டு
வெயிலுக்குள் இறங்கிப் போனான்,
எனக்குப் பதிலாக.