ஆவி

சம்பளம் இனி போனில்தான் என்று
மேஸ்திரி வைரவன் சொல்லிவிட்டதால்
காரைக்குடியில் தவணைக்கு எடுத்தது இது.
முகம் முழுக்கக் கண்ணாடி.
கடைப் பையன் சொன்னான்,
"அமுக்காதீங்கக்கா, தொட்டாப் போதும்."

பழையதில் அமுக்க வேண்டும்.
ஐந்தின் தலையில் ஒரு பொட்டு இருக்கும்,
எள்ளளவு.
இருட்டில், முந்தானைக்குள், மாவுக் கையோடு
அதைத் தடவித்தான் மற்ற எண்ணுக்கெல்லாம் வழி.
மருதாயி நம்பர் பத்தும்
என் கட்டைவிரலுக்கு மனப்பாடம்.
வாய்விட்டுக் கேட்டால் எனக்குத் தெரியாது.

மூன்று வருஷமாய் அவளோடு பேச்சில்லை.
சீட்டுப் பணம், பதினெட்டாயிரம்.
அவள் எடுத்தாள் என்று நானும்
நான்தான் எடுத்தேன் என்று அவளும்.
எடுத்தவன் திருப்பூரில் இருக்கிறான் என்று
பிறகு தெரிந்தது.
பிறகு என்றால்
இரண்டு பேரும் சொல்லக் கூடாததையெல்லாம்
சொல்லி முடித்த பிறகு.

தூக்கம் வராத ராத்திரிகளில்
எண்ணைப் போட்டுவிட்டுப்
பச்சைப் பித்தானில் விரலை வைத்திருப்பேன்.
வைப்பது வேறு, அமுக்குவது வேறு.
நடுவில் ஒரு உமி கனத்துக்கு இடம் இருந்தது.
அந்த இடத்தில்தான் மூன்று வருஷமும்
படுத்து எழுந்தேன்.
அடியில் அது லேசாய் நெளியும்,
"என்ன, கூப்பிடவா?" என்கிற மாதிரி.
வேண்டாம் என்று எடுத்துவிடுவேன்.

இதில் அந்த இடம் இல்லை.
விரல் பட்டால் போச்சு.

நேற்று பள்ளத்தூரில் அறுபதாம் சாந்தி.
பின்கட்டில் ஏழு அடுப்பு, விடிய நாலு மணி.
ஜன்னல் விளிம்பில் போனைச் சாய்த்து
அவள் பெயரைத் திறந்து வைத்திருந்தேன்.
சும்மா. பார்க்கத்தான்.
விரலைக்கூட அரை அடி தள்ளியே வைத்திருந்தேன்.

"பஞ்சவர்ணம், இட்லி என்னாச்சு?" என்று
வைரவன் குரல்.
மூடியைத் தூக்கினேன்.
ஆவி குப்பென்று எழுந்து ஜன்னலை மறைத்தது.
மூடி விளிம்பிலிருந்து ஒரு சொட்டு
கண்ணாடியில் விழுந்து ஓடியது.
போன் போகத் தொடங்கிவிட்டது.

ஆவி பிடித்து ஆட்டும் என்று கேட்டிருக்கிறேன்,
போன் போடும் என்று கேட்டதில்லை.

சிவப்பு வட்டத்தைத் தொட்டேன்,
ஈர விரல், அசையவில்லை.
முழங்கையால் தொட்டேன்.
சேலையில் துடைத்துத் தொட்டேன்,
சேலையே ஈரம்.
சொட்டுத் தண்ணிக்குக் கட்டுப்பட்டது
தவணை கட்டுகிற எனக்குக் கட்டுப்படவில்லை.

எடுத்துவிட்டாள்.

ஹலோ இல்லை.
குனிந்து காதை வைத்தேன்.
அந்தப் பக்கமும் அடுப்புச் சத்தம்,
அண்டாவில் கரண்டி உரசுவது,
யாரோ தேங்காய் உடைப்பது.
கோட்டையூரிலும் முகூர்த்தம்தான் போல.
மூச்சு மட்டும் அவளுடையது,
ஏறும்போது லேசாய் விசில் அடிக்கும்.

பிறகு ஏதோ சொன்னாள்.
இங்கே கிரைண்டர் இரைச்சல்,
ஒரு வார்த்தை பிடிபடவில்லை.
திட்டாகவும் இருக்கலாம்.

போனின் இடுப்பில் இரண்டு பித்தான் உண்டு,
நிஜப் பித்தான்,
தடவினால் மேடு தட்டுகிறது.
அதை மட்டும் ஏன் விட்டு வைத்தார்களோ.
கீழே இருப்பது சத்தத்தைக் குறைக்கும்,
மேலே இருப்பது கூட்டும்.

மாவு வழியும் கட்டைவிரலை
மேலே இருப்பதில் வைத்தேன்.

வைத்தேன்.

இட்லி வெந்துவிட்டது என்று
வைரவன் மறுபடி கத்தினான்.

அமுக்கினேன்.