முதல் கிண்ணம்

கப்பலின் சமையலறையிலிருந்து
பதினோரு நிமிடக் குரல் அனுப்பியிருந்தான் அமலதாஸ்.
பியோனிகோ. குவாதலஹாராக்காரன் ராமிரோ
இவனுக்குச் சொல்லிக்கொடுத்ததாம்.
பழத்தைப் பொடியா நறுக்கு,
க்ரீம் லேசாப் புளிக்கணும்.
பின்னால் தட்டு கழுவும் சத்தம்,
யாரோ யாரையோ திட்டுவது,
நடுவில் ஒரு தடவை என் பெயர்.

ஸ்ட்ராபெரிக்கு ஏற்காட்டில் எங்கே போவேன்?
பேரிக்காய் இருந்தது, கல் மாதிரி.
கொய்யா. நாகலூரிலிருந்து ஒரு பப்பாளி.
மில்க்மெய்ட் டப்பா விரலைக் கீறியது.
பாலாடையில் ஒரு கரண்டி தயிர் விட்டு
ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இந்தக் குளிரில் எதுவும் சட்டென்று புளிப்பதில்லை.
பதினாலு மாதம்.
காத்திருப்பதுகூட இன்னும்
புளித்துப்போகவில்லை எனக்கு.

மேலே தூவ கிரானோலாவாம்.
நெய்யில் அவலைப் பொரித்தேன்.
அவலை நினைத்து உரலை இடித்தவள்தான்,
இன்றைக்கு அவலே கையில்.

ஏரிக்கரையில் வண்டி.
பலகையில் சாக்பீஸால் பெயர்.
படகு வரிசையில் நின்ற பையன்
எழுத்துக்கூட்டினான்: "பையா, நீ கொடு."
சிரித்துவிட்டுத் திரும்பினால்
கிண்ணத்தைக் காணோம்.
வேலிமேல் குரங்கு.

அவசரமே இல்லை அதற்கு.
முதலில் க்ரீம். பிறகு திராட்சை, பொறுக்கிப் பொறுக்கி.
பேரிக்காயை மட்டும் ஒவ்வொரு துண்டாக
என் பக்கமே வீசியது.

அன்றைக்கு ஆறு கிண்ணம் விற்றேன்,
பேரிக்காய் போடாமல்.

ராத்திரி அவனிடமிருந்து ஒற்றை வரி:
யாருக்காச்சும் பிடிச்சுதா?
கிண்ணத்தை நக்கியே வைத்துவிட்டார் என்றேன்.
யாரு, யாரு என்று கேட்கிறான்.
கப்பல் நகர்ந்து சிக்னல் போகிறவரைக்கும்
நான் சொல்லவில்லை.