மடிகாது வேர்

இதற்குக் காது எங்கே, அது எப்போது மடிந்தது
என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.
பெயர் அப்படி. மடிகாது வேர்.
குய்ச்சோ மலையில், பிப்ரவரி ஈரத்தில்
வரப்போரம் கொத்தினால்
வெள்ளைக் கயிறாக வரும்,
கணுவுக்குக் கணு மயிர் முளைத்து.
கத்தி வேண்டாம். கையால் ஒடிக்க வேண்டும்.
சத்தம் கேட்டால் இளசு.
வளைந்தால் பன்றிக்கு.

பாலம் கட்ட வந்தவர்கள் நூற்றுப்பத்துப் பேர்.
தகரக் கொட்டகையில் எனக்கு மூன்று அடுப்பு.
பச்சை வேரை உப்பில் பிசறி,
வறுத்த மிளகாய் இடித்துப் போட்டு,
காடியும் சோயாவும் ஊற்றி வைப்பேன்.
சோறு வேகும் முன்பே
உள்ளூர் ஆட்கள் பாத்திரத்தை வழித்துவிடுவார்கள்.

லுவான் ஜின்ஹாய் கம்பி அளப்பவர்.
யான்தாய்க்காரர், வடக்கே கடற்கரை.
முதல் நாள் ஒரு வாய் மென்றார்,
எழுந்து வெளியே போனார்,
துப்பிய இடத்தைக் காலால் மண் தள்ளி
மூடிவிட்டு வந்தார்.
அந்த மண் தள்ளல் எனக்குப் பிடித்திருந்தது.
"மீன் கவிச்சி" என்றார்.
"இதில் மீனே இல்லை" என்றேன்.
"அதுதான்" என்றார்.

நான் கடல் பார்க்காதவள்.
மீன் என்றால் எனக்கு நெல்வயல் கெண்டை,
விரல் நீளம், வைக்கோல் மணம்.
கடற்கரையான் கவிச்சிக்கு மூக்கைச் சுளிப்பதா?
ரோஷம் வந்துவிட்டது.
மறுநாள் பொடிப்பொடியாக நறுக்கி
சுட்ட டோஃபுவின் வயிற்றுக்குள் ஒளித்தேன்.
கண்டுபிடித்தார்.
அதற்கு மறுநாள் புகையிட்ட பன்றிக்கறியோடு வதக்கினேன்.
கறியை மட்டும் தின்று
வேரைத் தட்டின் விளிம்பில் அடுக்கினார்.
கம்பி அளப்பவர் அல்லவா,
துண்டுக்குத் துண்டு ஒரே இடைவெளி.

மே மாதம் தூண்கள் மேகத்துக்குள் போய்விட்டன.
ஜூனில் மலை சரிந்து சாலையை மூடியது.
ஐந்தாம் நாள்
அரிசியும் வேரும்தான் மிச்சம்.
கிண்ணத்தை நீட்டினார்.
நான் கேட்கவில்லை, போட்டேன்.
மென்றார். நெற்றியில் நரம்பு புடைத்தது.
மென்றுகொண்டே சொன்னார்,
எனக்கா அடுப்புக்கா தெரியவில்லை:

படகின் அடித்தட்டு இப்படித்தான் நாறும்.
பலகை இடுக்கில் பழைய ரத்தம், துரு, பாசி.
தம்பியைத் தூக்கிக் கரையில் கிடத்தியபோது
அவன் சட்டையிலும் இதே வாடை.
அதற்குப் பிறகு
கடலுக்கு எது தூரம் என்று
வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்துத்தான்
இந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அடுப்பில் ஈர விறகு சீறியது.
இத்தனை மலைகளுக்கு அடியிலும்
அவருடைய கடல்
வெள்ளை வெள்ளையாய் ஊர்ந்து வந்திருக்கிறது.
அதைக் கூறு போட்டு
மிளகாய் தூவி
நாள்தோறும் அவர் முன் வைத்தவள் நான்.
என்ன சொல்வது?
இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

சாலை திறந்ததும் முட்டைக்கோஸ் வந்தது, இறைச்சி வந்தது.
அவர் மேசையில் மட்டும் வேரை நிறுத்திவிட்டேன்.
தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
எழுந்து அடுத்த மேசைக்குப் போய்
குச்சியால் மூன்று துண்டு எடுத்து வந்தார்.
முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார்.
அன்றிலிருந்து தினமும் மூன்று.
நான்காவதை ஒருநாளும் தொட்டதில்லை.

பாலம் முடிந்தது. வேறொரு பாலத்துக்குப் போனார்.
போகும்போது விடை சொன்னாரா
என்பதுகூட நினைவில்லை;
அன்று கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்,
தகரம் காதைப் பிளந்தது.

இந்தப் பிப்ரவரியில் அங்கே போனேன்.
வாசல் இருந்த இடத்துக்கு நாலடி தள்ளி
சிவப்பு விளிம்பிட்ட இலைகள், ஒரு பாய் அகலம்.
இதற்கு ஒரு கணு போதும்,
மென்றதானாலும்.
கொத்தினேன், ஓடையில் கழுவினேன்,
சந்தைக்குக் கொண்டுபோனேன்.

காட்டு வேரா, நட்ட வேரா என்றாள் வாங்க வந்தவள்.
காட்டு வேருக்குத்தான் விலை.
கொஞ்சம் யோசித்தேன்.
"நட்டதுதான்" என்றேன்.
பாதி விலைக்குக் கேட்டாள்.