உப்பைப் பற்றிய கேள்விகள்

தெரிவான வீடு பதினேழு.
திருக்கடலூர், கடலில் இருந்து மூன்றாவது ஒழுங்கை.
கதவு திறக்காவிட்டால் இன்னும் இரண்டுமுறை வரவேண்டும்.
பக்கத்து வீட்டுக்கு மாற்றக் கூடாது.
திறக்காத கதவுகளை விட்டுவிட்டு எண்ணினால்
எண்ணிக்கை பொய்சொல்லும் என்பார் ஜெசிந்தா மிஸ்.

மூன்றாம் முறை திறந்தது.

பதினைந்து வயதுக்கு மேல் பெண்கள் மூவர்.
வயது வரிசையில் போட்டேன்,
டப்லெட் ஒருத்தியை எடுத்தது.
மாமிக்கு முகம் கோணிற்று:
"வீட்டில மூத்தவள் நானிருக்க, ஏன் மருமோளிட்ட?"
சீட்டு மாதிரி அம்மா, மெஷின் எடுத்த சீட்டு.

ஆய்வின் பெயர் பெண்களின் சுகநலமும் வாழ்வனுபவமும்.
இன்னொரு பெயரும் உண்டு,
அதை நாங்கள் ஒழுங்கையில் சொல்வதில்லை.
றிஸ்மியா மாமியோடு விறாந்தையில் உட்கார்ந்தாள்,
முழங்கால் வலி பற்றிய வேறொரு படிவத்தோடு.
அந்தப் படிவத்துக்கு முடிவு கிடையாது.
தேவையான அளவு நீளும்.

நாங்கள் இருவரும் கிணற்றடிக்குப் போனோம்.

வன்முறை என்ற சொல் என் கேள்விகளில் எங்குமில்லை.
அப்படிக் கேட்டால் இல்லை என்பார்கள்.
வன்முறை ரேடியோவில் வருவது,
ஊரடங்கோடு வருவது.
ஆகவே கையைப் பற்றிக் கேட்கிறோம்.
கன்னத்தில் அறைந்தாரா. தள்ளினாரா.
தலைமயிரைப் பிடித்து இழுத்தாரா.
ஏதாவது பொருளால்
"துடுப்பு பொருளோ?"
ஓம்.
"சோத்துக் கோப்பை?"
எறிந்தது உங்களில் பட்டதா?
"இல்ல. சுவரில பட்டது. சோறுதான் என்னில."

சுவரில் பட்டதற்கு என்ன குறியீடு என்று
பயிற்சியில் ஒருவரும் கேட்கவில்லை.

கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை தரம்?
ஒருமுறை, சிலமுறை, பலமுறை.
அவள் கிணற்றுக்குள் பார்த்தபடி
மாதத்தை விட்டுவிட்டுக் காற்றைச் சொன்னாள்:
"வாடைக்குக் கடலுக்குப் போகேலா.
அப்ப எந்த நேரமும் வீட்டிலதான்."
நான் காற்றை எண்ணாக்கினேன்.
விரல் கடைசிக் கட்டத்தைத் தொட்டது.

மோட்டார்சைக்கிள் எனக்குக் கேட்க முன்னமே
அவளுக்குக் கேட்டுவிட்டது.
தோளைப் பார்த்து எனக்கு விளங்கியது.
திரையின் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு,
அதை அமத்தினால் வேறு பக்கம் வரும்.

நீங்கள் பாவிப்பது அயடீன் உப்பா?
"ஓம்."
கல்லுப்பா, தூளுப்பா?
"கல்லுப்பு."

அவர் கிணற்றடி மட்டும் வந்தார்,
கையில் ஒரு பாரைக்குட்டி, வாலில் தண்ணி சொட்ட.
நல்ல சிரிப்பு. பல்வரிசை.
"உப்புக்கும் கணக்கெடுக்கினமோ? பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்தியா?"

கறிக்கு எவ்வளவு போடுவீர்கள்?
"அளந்து போடுறதில்ல" என்றாள்.
"கூடினால் அண்டைக்கே தெரியும்."
அவர் சிரித்தார்.
நானும் சிரித்தேன், அதுவும் என் வேலை.

நேர்காணல் நிலை: பகுதி.

படலையைத் தாண்டிய பிறகு
நான் விட்டுவந்த குடையோடு அவள் ஓடிவந்தாள்.
கடைசிக் கேள்வியை வாயால் கேட்பதில்லை.
ஒரு சிறு மட்டை, இரண்டு முகங்கள்,
ஒன்று அழும், ஒன்று சிரிக்கும்.
சின்ன வயதில், விருப்பமில்லாமல் யாராவது தொட்டிருந்தால்.
பேனை கொடுக்க நேரமில்லை.
அவள் நகத்தால் அழுத்தினாள்,
மடித்தாள், உறையில் போட்டாள்.
நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.
பைக்குள் நாற்பத்தொரு உறைகள், எல்லாம் ஒரே வெள்ளை.
ஒரு தரம் குலுக்கினேன்.
இனி அது ஆருடையதும் இல்லை,
அதனாலேயே கணக்கில் சேரும்.

பஸ் நிலையத்தடியில் மான்கள் பழைய மட்டைப்பெட்டி தின்றுகொண்டு நின்றன.
றிஸ்மியா மாமியின் முழங்காலைப் பற்றிக் கதைத்தாள்.
உண்மையாகவே வீங்கியிருக்கிறதாம்.
சிக்னல் வந்து தரவு போகத் தொடங்கியது,
பதினைந்து வீதம், பதினாறு.

பயிற்சி நாளில் சோடி சோடியாக இருந்து பழகினோம்.
றிஸ்மியா கேட்டாள், நான் பெண்ணாக நடித்தேன்.
எத்தனை தரம் என்றபோது
யோசிக்காமலே சொன்னேன்.
அவள் ஒரு கணம் திரையிலிருந்து தலையைத் தூக்கினாள்,
பிறகு அடுத்த கேள்விக்குப் போனாள்.

ஒத்திகை விடைகள்.
அன்றிரவே அழித்துவிட்டார்கள்.