அலசான்

ஏப்ரல் பதினெட்டு. எங்கள் பக்கம்
இலை பழுக்கும் மாதம்.
ஆண்டீஸின் கிழக்குச் சரிவில்
லெங்கா மரங்கள் மேலிருந்து கீழாகச் சிவக்கின்றன,
யாரோ உச்சியில் எதையோ கொட்டிவிட்டுத்
துடைக்காமல் போனதுபோல.

மூன்றாவது நாளாக முக்காலியை நட்டிருக்கிறேன்,
அதன் கழுத்தில் கல் நிரப்பிய பையோடு.
படகோனியாவில் காற்று வாடகை கொடுப்பதில்லை,
எல்லா வீட்டிலும் குடியிருக்கும்.
ஒரு நொடி அது மூச்சடக்கினால் போதும்,
இலை இலையாகப் பதியும்.
அடக்கவில்லை.
கிடைத்ததெல்லாம் சிவப்புக் கஞ்சி.

எவாரிஸ்தோ கல்ஃபுகேயோ வந்து
பக்கத்தில் குந்தினார்.
மாத்தே நீட்டினார். கசப்பு, கொதிக்கும் சூடு.
விரல்கள் திரும்பவும் என்னுடையவை ஆயின.

"என்ன பிடிக்கிறாய், எலினெட்?"
"சிவப்பை."
"எந்தச் சிவப்பை?"

சாட்டைக் கம்பால் மலையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார்:
ஓடையோரம் கருத்துக் கிடப்பது சைனோ.
பாறை இடுக்கில் தொஸ்தாதோ,
கொஞ்சம் தீய்ந்த காப்பிக்கொட்டை.
மஞ்சளாய்த் தெரியும் ஞிரே புதர்கள் பாயோ,
வெயில் போனதும் அழுக்காகிவிடும் பாயோ.
நடுவில் அகலமாய்ப் பற்றி எரிகிறதே,
அது அலசான்.

அவர் வாயில் நிறங்களுக்கு நான்கு கால் இருந்தன.
வால் இருந்தது.
சில கடிக்கும் போலிருந்தது.

கேமராத் திரையைக் காட்டினேன்.
"எல்லாவற்றையும் ஒரே மந்தையாக
ஓட்டிவிட்டதே உன் பெட்டி" என்றார்.
நிறச் சமன் தானியங்கியில் கிடந்தது,
இருபது வருடம் இதே தொழில் செய்கிறவளின் கேமராவில்.
அணைத்தேன். மேகம் கடக்கட்டும் என்றிருந்து
மறுபடி எடுத்தேன்.
இம்முறை சைனோ தனியாக விலகி நின்றது.

பெரிதாக்கச் சொன்னார். இன்னும்.
இடப்பக்கம். கொஞ்சம் கீழே.
இலைகளை ஒருவர் இப்படி உற்றுப் பார்த்து
நான் கண்டதில்லை.
என் கண்காட்சிக்கு வருகிறவர்கள்
ஒரு படத்துக்கு நான்கு நொடி தருவார்கள்,
அதிலும் ஒரு நொடி விலைச்சீட்டுக்கு.

"என் பெட்டைக்குதிரை" என்றார் பிறகு,
"ஐந்து நாளாகக் காணோம்.
அலசான்.
வேறெந்த மாதம் தொலைந்திருந்தாலும்
வாசலில் நின்றே கண்டுபிடித்திருப்பேன்."

நீண்ட லென்ஸை மாட்டினேன்.
சரிவைக் கட்டம் கட்டமாக அறுத்தேன்.
அடிவானம் சாயட்டும், கிளை குறுக்கே வரட்டும்,
வெளிச்சம் தட்டையாக இருந்தால் இருக்கட்டும்.
உறைந்த பேட்டரியை அக்குளில் சூடாக்கிப் போட்டு
நாற்பத்தொரு படம்.

முப்பத்தாறாவதில்
அந்த அகலச் சிவப்புக்குள்
ஒரு வெள்ளைக் கோடு.
பழைய பனியாக இருக்கலாம்.
பட்டை உரிந்த மரமாக இருக்கலாம்.
நகத்தால் திரையைத் தட்டினார்.
"மூக்கு."

சேணத்தை இறுக்கிக்கொண்டே சொன்னார்:
"இன்றிரவு பனி விழும். விழுந்தால் தானே தெரிவாள்.
பூமாவுக்கும் தெரிவாள்."

ஆறு மணிக்கு இறங்கி வந்தார்கள்.
முன்னங்காலில் வேலிக்கம்பி சுற்றி
அவள் மூன்று காலில் வந்தாள்.
அவர் குறட்டால் கம்பியை வெட்ட,
நான் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தேன்,
முகத்தில் அவள் மூச்சு, ஈரமும் புல்லும்.

அப்போது காற்று நின்றது.

சத்தியமாக நின்றது.
மேகத்தின் அடியில் வெயில் நுழைந்து
மலை முழுதும் ஒவ்வொரு இலையாக எழுந்து நின்றது.
முக்காலி பத்தடி தள்ளி.
கயிற்றை விட முடியாது.
ஓர் இலை கழன்று அவள் முதுகில் விழுந்தது,
எங்கே விழுந்தது என்று பிறகு தெரியவில்லை.

காலையில் மலை வெள்ளை. கிளைகள் மட்டும்.

எஸ்கெல் நகரக் கூடத்தில் மாட்டியிருப்பது
முப்பத்தாறாவது படம்,
சாய்ந்த அடிவானத்தோடு.
மூன்றாம் நொடியில் நகர்கிறார்கள், நான்காம் நொடியில்.
யாராவது நின்று,
கொஞ்சம் குனிந்து,
இடப்பக்கம் கீழே போனால் மட்டும்
நான் எழுந்து அருகில் போகிறேன்.