கடைசித் தாள்

ஆடி மழை. மீன்பிடித் தடை முடிய
இன்னும் பதினொரு நாள்.
தேங்காய்ப்பட்டணம் துறையில் சும்மா ஆடும் விசைப்படகில்
ஐஸ் பெட்டிமேல் மல்லாந்து
மார்த்தாண்டத்தில் எடைக்கு வாங்கிய
சித்திரக்கதைக் கட்டைத் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றிலும் அதே தூண், அதே சங்கிலி,
அழுகிற அதே இளவரசி.
மந்திரவாதியை வெட்டிச் சாய்த்துவிட்டு
வாள்வீரன் சங்கிலியை அறுப்பான்.
பக்கம் திருப்பினால்
அவள் விரல்களில் நகம் நீளும்.
சூனியக்காரி அவள்தான்.
செத்த கிழவன்
அவளைப் பூட்டி வைத்து ஊரைக் காத்தவன்.

"லேய், அவுக்காதலேய்!"
ஒவ்வொரு தடவையும் கத்துகிறான் பெர்க்மான்ஸ்.
பன்னிரண்டு புத்தகத்தில்
ஒருத்தனுக்கும் காது கேட்கவில்லை.

பதின்மூன்றாவதில் கடைசித் தாள் இல்லை.
சங்கிலி அறுந்து கிடக்கிறது.
அவள் கையைத் தூக்குகிறாள்,
கும்பிடவோ எதற்கோ.
கிழிந்த ஓரத்தில் வடை எண்ணெய்.

நகம் வளந்திருக்கும், என்றேன்.
பின்னே, என்றான் பெர்க்மான்ஸ்.

வலை பொத்திய கூலிப் பாக்கிக்கு வந்த வியாகுலமேரி
குடையை மடக்காமல் எட்டிப் பார்த்தாள்.
"எத்தன வருசம் கெட்டிப் போட்டிருந்தான்?"
ஏழு என்று போட்டிருந்தது.
"அப்போ நகம் வளராதா?"

கூலியை இரண்டு தடவை எண்ணினாள்.
ஐம்பது குறையுது, என்றாள்.