வலது கால்

சனிக்கிழமை காலை ஒன்பதரை.
பிட்ஸ்பர்க்கில் பனியை இன்னும் யாரும் அள்ளவில்லை.
தவணையில் வாங்கிய கலர் டி.வி.
சூடேறிப் படம் தர ஒரு நிமிடம் ஆகும்.
அதற்குள் ரோஷீன்
பால் ஊற்றிய கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
தபால்நிலையத்தில் இரவுப்பணி முடித்து வந்து
நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

திரையில் ஒரு தெரு.
ஆறு பையன்கள் ஓடுகிறார்கள்.
ஒரே தீயணைப்புக் குழாய்
மூன்று முறை அவர்களைக் கடந்து போகிறது.
காசு பார்த்துச் செய்த கார்ட்டூன்.
பேசினால் வாய் மட்டும் அசையும்,
உடம்பு சும்மா நிற்கும்.

ஆறாவது பையன் பெயர் அட்டைக்கால்.
இடது ஷூவின் ஓட்டையை
அட்டைப்பெட்டி கிழித்து அடைத்தவன்.
மழையில் அட்டை ஊறி
எட்டுக்கு ஒரு சளக்.
அந்தச் சளக்குக்காக
லாஸ் ஏஞ்சலிஸில் யாரோ
மைக் முன்னால் ஈரத்துணி பிழிந்திருக்க வேண்டும்.
நன்றாகத்தான் பிழிந்திருந்தார்கள்.

'அப்பா, இவனைப் பாரேன்!'
பால் சிந்தச் சிரித்தாள்.
பார்த்தேன்.
முறம் போல இரண்டு காது.
என் காது.

லெமுவல் ப்ரூவிட்,
எங்கள் தெருவில் இரண்டு ஜோடி ஷூ வைத்திருந்த ஒரே பையன்.
பதினோரு வயதில்
'ஒன்று தாயேன்' என்று கேட்டேன்.
தரவில்லை.
படிக்கட்டில் ஏறி நின்று
என்னைப்போல் நடந்து காட்டினான்.
தெருவே சிரித்தது.
நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.
அவனுடைய முதல் மேடை அது.
முதல் கைதட்டலில் என் கையும் இருந்தது.

அந்த நடையை அவன்
சிகாகோவுக்குக் கொண்டுபோனான், பிறகு நியூயார்க்குக்கு,
விஸ்கிக் கிளாஸ்களுக்கு நடுவே,
இரவு இரண்டாம் காட்சிக்கு,
கெட்ட வார்த்தை தூக்கலாகப் போட்டு.
இசைத்தட்டாகவும் வந்தது.
முடிதிருத்தும் கடையில் அதை ஓடவிட்டபோது
என் தலைக்கு மேல் கத்தரி நின்றது.
கண்ணாடிக்குள் எல்லோரும் என் காதைப் பார்த்தார்கள்.

இப்போது கெட்ட வார்த்தையெல்லாம் கழுவியாகிவிட்டது.
படித்தவர்கள் குழு ஒன்று உட்கார்ந்து
சிரிப்புக்குச் சிரிப்பு
ஒரு பாடம் தைத்துக் கொடுத்திருக்கிறது.
கடைசியில் லெம் நேரிலேயே வருகிறான்,
மஞ்சள் ஸ்வெட்டரில், கொஞ்சம் தொப்பையோடு.
'உதவி கேட்க வெட்கப்படாதீங்க, பசங்களா.
கேட்டவனைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிக்காதீங்க.'
சொல்லிவிட்டுக் காமிராவை
ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தான்.
வெட்டியிருக்க வேண்டிய நொடி.
எனக்காக என்று எடுத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.
எழுதிக் கொடுத்ததைப் படித்து முடித்தவன் கண்ணும்
அப்படித்தானே நிற்கும்.

அட்டைக்காலுக்குப் புது ஷூ கிடைத்தது. சிவப்பு.
நடந்தால் சத்தமே இல்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.
சளக் போய்விட்டால்
அவன் வருவது எப்படித் தெரியும்?

விளம்பரம் தொடங்கியதும்
ரோஷீன் எழுந்துபோய் அலமாரியைக் குடைந்தாள்.
போன வருஷத்து பூட்ஸ், இப்போது காலுக்குப் பத்தாதது,
பள்ளிப் பைக்குள் போனது.
'டெனீட்டாவுக்கு. சிரிக்காமல் கொடுக்கணும்' என்றாள்.
முகத்தைக் கல்லாக்கிப் பழகிப் பார்த்தாள்.
முடியாமல் சிரித்துவிட்டாள்.

நடக்காததைச் சொல்லித்தான்
பாடம் வீட்டுக்குள் வந்திருக்கிறது.
வந்ததை வெளியே அனுப்ப எனக்கு மனமில்லை.
அதனால் அவளிடம் எதுவும் சொல்லவில்லை,
ஒன்றைத் தவிர:

ஓட்டை இடது காலில் இல்லை, கண்ணு.
வலது.